பக்கத்தில் உட்காருங்கள், தோழர்களே!

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. பள்ளிக் கதவு திறக்கும்போதே தொழிலாளி வீட்டு உண்டியலும் திறக்கிறது. தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவன் கட்டணத்துக்குக் கடன் தேடுகிறான். அரசுப் பள்ளியில் சேர்த்தவன் டியூஷனுக்குப் பணம் தேடுகிறான். இருவரையும் தேடிக்கொண்டு மூன்றாவதாக ஒருவர் வருகிறார். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. கையில் ஒரு பலகைக் கணினி மின்னுகிறது. "உங்கள் பிள்ளைக்கு ஒரு சின்னச் சோதனை வைக்கிறோம், காசு ஒன்றும் வேண்டாம்" என்கிறார்.

சோதனை நடக்கிறது. அதில் எந்தப் பிள்ளை தேறியிருக்கிறது? "உங்கள் மகள் கணக்கில் இரண்டு வகுப்பு பின்தங்கி இருக்கிறாள்" என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொல்கிறார். தாயின் கண் கலங்குகிறது. தகப்பன் தலை குனிகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு படிவம் நீட்டப்படுகிறது. மாதம் இவ்வளவுதான், தவணைதான், வங்கிக் கணக்கிலிருந்து அதுவாகப் போய்விடும், நீங்கள் கவலைப்பட வேண்டாம்! கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது தவணை அல்ல, யாரோ ஒரு கடன் கம்பெனியிடம் தன் பெயரில் வாங்கப்பட்ட கடன் என்று தெரிகிறது. பிள்ளை அந்தப் பாடத்தைப் பார்க்கிறதோ இல்லையோ, மாதம் பிறந்தால் கணக்கிலிருந்து பணம் போகிறது.

"எங்கள் ஆலையில் பாதிப் பேர் வாங்கிவிட்டார்கள். நானும் வாங்கட்டுமா?" என்று தோழர்கள் நம்மைக் கேட்கிறார்கள். நேரிலும் கேட்கிறார்கள், கடிதத்திலும் கேட்கிறார்கள். பிள்ளைக்காகக் கேட்கும் கேள்வி இது. ஆகவே மழுப்பாமல் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வாங்க வேண்டாம் என்பது நமது பதில். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதிப் பதில்தான் சொன்னவர்களாவோம். செல்போனை எடுத்துப் பரணில் வையுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்தச் செல்போன் வழியாகவே, ஒரு பைசா தவணை கட்டாமல், உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய கல்வி மலைபோல் இருக்கிறது. கொண்டுவந்து விற்க ஆள் இல்லாததால் அது நம் கண்ணில் படவில்லை. விற்பவனுக்கு வாய் இருக்கிறது. இலவசத்துக்கு வாய் இல்லை!

முதலில் உங்கள் வீட்டிலேயே, பிள்ளையின் பைக்குள்ளேயே இருப்பதை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசின் பாடப் புத்தகம். 2018ஆம் ஆண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய புத்தகங்கள் வந்தன; அடுத்து மற்ற வகுப்புகளுக்கும் வந்தன. அவற்றில் பாடங்களின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக ஒரு சதுரம் அச்சிட்டிருக்கும். விரைவுத் துலங்கல் குறியீடு என்று புத்தகம் சொல்கிறது. டீக்கடையில் காசு கொடுக்கப் போனைக் காட்டுகிறோமே, அதே மாதிரிச் சதுரம்தான். கடைக்காரன் சதுரத்துக்குப் போனைக் காட்டினால் காசு போகிறது. புத்தகத்துச் சதுரத்துக்குக் காட்டினால் பாடம் வருகிறது. மத்திய அரசு 2017ல் தொடங்கிய திக்ஷா என்னும் தளத்தில் அந்தப் பாடத்துக்குரிய படக்காட்சிகளும் பயிற்சிகளும் இருக்கின்றன. தமிழிலேயே இருக்கின்றன. கட்டணம் இல்லை. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணைய இணைப்பும் தேவையில்லை.

புத்தகம் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. எத்தனை தோழர்கள் அந்தச் சதுரத்துக்குப் போனைக் காட்டிப் பார்த்திருக்கிறீர்கள்? கேட்பதற்கு நமக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் நம் அலுவலகத்திலும் பலர் காட்டிப் பார்த்ததில்லை.

கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் வரும். ஆசிரியர்கள் அவசரத்தில் தாண்டிப் போகிற பக்கம். அங்கே ஜியோஜீப்ரா என்றொரு தளத்தைக் காட்டியிருப்பார்கள். ஆஸ்திரியா நாட்டில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001ல் உருவாக்கியது. முக்கோணத்தின் ஒரு மூலையை விரலால் இழுத்தால் முக்கோணம் கோணலாகும், நீளும், குறுகும். ஆனால் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். கரும்பலகையில் ஆசிரியர் ஒரு முக்கோணம்தான் போட முடியும். இங்கே பிள்ளை ஒரு நிமிடத்தில் ஐம்பது முக்கோணம் பார்க்கிறது. சொல்லிக் கேட்டதற்கும் தானே இழுத்துப் பார்த்ததற்கும் வித்தியாசம் உண்டல்லவா?

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் என்ற பௌதிக அறிஞர் இருந்தார். 2001ல் நோபல் பரிசு பெற்றவர். அவர் 2002ல் தொடங்கிய பெட் என்னும் தளத்தில் மின்சுற்றுப் பாடம் ஒன்று இருக்கிறது. மின்கலம், பல்பு, கம்பி எல்லாம் ஓரத்தில் கிடக்கும். பிள்ளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து இணைக்க வேண்டும். சரியாக இணைத்தால் பல்பு எரியும். பல்பு இல்லாமல் கம்பியை நேரே மின்கலத்தின் இரு முனைக்கும் கொடுத்தால் திரையிலே தீப்பற்றும்! வயரிங் வேலை பார்க்கும் தோழர் யாராவது இதைத் தம் பிள்ளையோடு ஒரு மாலை பார்க்கட்டும். ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன என்று அவர் சொல்லும் விளக்கத்துக்கு எந்தக் கம்பெனிப் படக்காட்சி ஈடாகும்?

இங்கேதான் நாம் சொல்லவந்த முக்கியமான செய்தி இருக்கிறது.

"நான் எட்டாவதுதான் படித்தேன். ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு நான் என்ன சொல்லித்தர முடியும்?" அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தோழர் நம்மிடம் இப்படிச் சொன்னார். சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிட்டது. பையன் என்ன பாடத்தில் தடுமாறுகிறான் என்று கேட்டோம். "ஏதோ அளவீடு என்கிறான்" என்றார். ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் அது. வெர்னியர் அளவி, திருகு அளவி, மீச்சிற்றளவு, சுழிப்பிழை!

நமக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வருத்தமும் வந்தது. இருபது வருடமாக வெர்னியரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற மனிதர் அவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தண்டின் விட்டத்தைச் சொல்லக்கூடியவர். அவர் மகன் அதே வெர்னியரைப் புத்தகத்தில் படமாகப் பார்த்துப் புரியாமல் விழிக்கிறான். பாடம் தகப்பன் கையில் இருக்கிறது. பரீட்சை மகன் கையில் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் சந்திக்கவில்லை.

சந்திக்க வைத்தோம். வெர்னியரை நகர்த்தி அளந்து பழகும் செயல்பாடுகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. அதைப் போனில் திறந்து பையன் முன்னால் வைக்கச் சொன்னோம். பக்கத்தில் பட்டறை வெர்னியரையும் வைக்கச் சொன்னோம். பையன் புத்தகப்படி கணக்குப் போட்டான். முதன்மைக் கோலில் 9 மில்லிமீட்டர், வெர்னியர் கோலில் 10 பிரிவு. ஆகவே மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர் என்றான். "என் வெர்னியர் அப்படி இல்லையே, 0.02 காட்டுமே" என்றார் தகப்பன். பையன் வாங்கி எண்ணினான். 49 மில்லிமீட்டர் தூரத்தை 50 பங்கு போட்டிருந்தது. ஒரு பங்கு 0.98 மில்லிமீட்டர். ஒன்றில் அதைக் கழித்தால் 0.02! மனப்பாடம் செய்துவைத்த சூத்திரம் அன்றைக்குத்தான் அந்தப் பையனுக்குப் பொருளோடு விளங்கியது. தாடைகளை ஒட்டி மூடி, சுழியும் சுழியும் நேர் நிற்கிறதா என்று முதலில் பார்க்காமல் தகப்பன் எதையும் அளப்பதில்லை. அதுதான் சுழிப்பிழை பார்ப்பது என்று மகன் பெயர் சொன்னான். பெயர் மகனுக்குத் தெரிந்திருந்தது. காரியம் தகப்பனுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் அந்தத் தோழர் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவர் உட்கார்ந்த விதமே வேறாக இருந்தது. அதற்குமேல் நாம் வர்ணிக்க விரும்பவில்லை.

தோழர்களே! பாடம் நடத்தச் சொல்லி உங்களை நாம் கேட்கவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்கிறோம். சொல்லிக்கொடுப்பதை இணையதளம் செய்யும். கேட்பதை நீங்கள் செய்யுங்கள். "இப்போது பார்த்தாயே, அதை எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைக் கேட்கலாம். தெரியாதவருக்கு விளக்கும்போதுதான் பிள்ளைக்குத் தனக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று தெரியும். தடுமாறினால் படக்காட்சியைப் பின்னால் தள்ளி அந்த இடத்தை மறுபடி பார்க்கட்டும். வகுப்பில் நாற்பது பேருக்கு நடுவில் கையைத் தூக்கி "சார், மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்கப் பயப்படுகிற பிள்ளை, போனிடம் பத்து முறை கேட்கலாம். போன் முறைக்காது.

இந்தக் கருத்தில் பிறந்ததுதான் இன்று உலகம் முழுவதும் பிள்ளைகள் பார்க்கிற கான் அகாடமி. அதை உண்டாக்கிய சல்மான் கான் (சினிமா நடிகர் அல்ல!) 2004ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்து ஊரில் இருந்த உறவுக்காரப் பெண் கணக்கில் தடுமாறுகிறாள் என்று தொலைபேசி வழியாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். உறவினர் கூட்டம் பெருகியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரம் இல்லாமல் 2006ல் பாடங்களைப் படம் பிடித்து யூடியூபில் போட்டார். 2008ல் லாப நோக்கம் இல்லாத அமைப்பாக்கினார். இன்றும் அதற்குக் கட்டணம் இல்லை. பெரிய மாளிகை கட்டி, விளம்பரத்துக்கு நட்சத்திரங்களைப் பிடித்துத் தொடங்கியதல்ல. வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார முடியாத ஒருவர், உட்கார்வதற்குச் செய்த ஏற்பாடு அது. பக்கத்திலேயே இருக்கிற நாம் உட்காராமல் இருக்கலாமா?

சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கும் தோழர்களுக்கு வேறு ஒன்று சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். அந்த வயதுக்கு வேண்டியது கதை. பிரதம் புக்ஸ் என்னும் அமைப்பு 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் படங்களோடு நிறைய இருக்கின்றன. வாசிப்பு நிலை நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் நிலையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். இறக்கிக்கொள்ளலாம், அச்சடித்தும் கொள்ளலாம். உரிமை கேட்டு யாரும் வர மாட்டார்கள். இரவு ஷிப்டு இல்லாத நாளில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதை வாசியுங்கள். உங்களுக்கும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்றால் இன்னும் நல்லது. இருவரும் சேர்ந்தே கூட்டுங்கள்.

கையால் செய்து பார்க்க விரும்பும் பிள்ளைக்கு அரவிந்த் குப்தாவின் தளத்தைக் காட்டுங்கள். புனேயில் டெல்கோ லாரித் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தவர் அவர். 1978ல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் இயக்கத்துக்குப் போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டையும் இணைத்து முக்கோணம், சதுரம், கனசதுரம் எல்லாம் செய்து காட்டினார். குப்பையிலிருந்து பொம்மை, பொம்மையிலிருந்து விஞ்ஞானம்! லாரி செய்த கை அது. 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் செய்துகாட்டிய நூற்றுக்கணக்கான பொம்மைகளும், தேடிச் சேர்த்த புத்தகங்களும் அவர் தளத்தில் யாருக்கும் இலவசம்.

1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், 2001ல் பிறந்து இன்று தமிழ் இணையக் கல்விக் கழகம் என்று பெயர் பெற்றிருக்கும் நிறுவனத்தின் மின்நூலகம், 2003 முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியா ஆகியவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெயரையாவது சொல்லி வையுங்கள்.

இனி, நம்மோடு மாறுபடும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை.

"பள்ளிக்கூடத்தைச் சரியாக நடத்து, காலியிடத்தில் ஆசிரியரைப் போடு என்று அரசைக் கேட்க வேண்டிய நேரத்தில், வீட்டில் இணையதளம் பார் என்று நீங்கள் சொல்கிறீர்களே! இது பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறவர்களுக்குப் பாய் விரிப்பதாகாதா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாம் அதை ஒதுக்கவில்லை. 2009ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்கிறது. அந்த ஆசிரியர் இருக்கும் இடத்தில் போனை வைத்துவிட்டுக் கணக்கை முடிக்க எந்த அரசு நினைத்தாலும் நாம் ஒப்ப மாட்டோம்.

போன் மட்டும் பள்ளியாகாது என்பதற்கு நமக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் மறுபடி திறந்தன. 19 மாதங்கள்! ஆன்லைன் வகுப்பு, ஆன்லைன் வகுப்பு என்று நாடெங்கும் பறை அறைந்தார்கள். 2021 ஆகஸ்டில் ஜீன் டிரேஸ் முதலிய பொருளாதார அறிஞர்களும் தொண்டர்களும் 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,400 பேரைச் சந்தித்தார்கள். கிராமத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்துவந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 37 பேர். இந்தக் கொடுமையை நாம் மறக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சி 2019லேயே தொடங்கப்பட்டுத் தமிழ்நாட்டில் ஓரளவு கைகொடுத்தது. ஆனாலும் 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்க வேண்டியிருந்தது. தன்னார்வலர்கள் மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருந்தது. மறுபடியும் பாருங்கள், மனிதர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது!

ஆகவே பள்ளிக்கான போராட்டத்தை ஒரு முழம்கூட விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. போராட்டம் வெற்றி பெறும்வரை நம் பிள்ளை ஆறாம் வகுப்பிலேயே காத்துக்கொண்டிருக்காது. அது ஏழுக்குப் போகும், எட்டுக்குப் போகும். பின்னத்தைக் கூட்டத் தெரியாமல் இயற்கணிதத்துக்குள் போகும். அந்தக் குழியை இன்று இரவு நிரப்ப வழி இருக்கும்போது, நிரப்பிவிட்டு நாளைக் காலையில் ஊர்வலத்துக்குப் போகலாம். கூலி உயர்வுக்குப் போராடுகிறோம் என்பதற்காக வீட்டில் உலை வைக்காமல் இருக்கிறோமா?

போன் யார் கையில் இருக்கிறது என்பதும் பேசவேண்டிய விஷயம். ஏசர் என்னும் கல்வி நிலை ஆய்வு இதைக் கணக்கெடுத்திருக்கிறது. 2018ல் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 36 பேர் வீட்டில்தான் ஸ்மார்ட்போன் இருந்தது. 2021ல் 67 பேர் வீட்டில் இருந்தது. அப்படி இருந்த வீட்டிலும் நான்கில் ஒரு பிள்ளைக்கு அதைத் தொடக் கிடைக்கவில்லை. தகப்பன் வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறான், அல்லது அண்ணன் வைத்துக்கொள்கிறான். 2024ஆம் ஆண்டு ஆய்வில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் கேட்டார்கள். போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் அந்த வாரம் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 57 பேர். சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 பேர்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒரு போன் உள்ள வீட்டில் மகனுக்கு ஒரு மணி நேரம் என்றால் மகளுக்கும் ஒரு மணி நேரம். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் போன்" என்று மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் கேட்கும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கோபம் வந்தாலும் சொல்லத்தான் வேண்டும். இன்னொன்று: கூடத்தில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து பிள்ளை பார்க்கட்டும். பாடம் முடிந்தால் தானாக அடுத்த படம் ஓடுகிறதே, அந்த ஏற்பாட்டை அணைத்து வையுங்கள். அரை மணி நேரம் பார்த்தால் அரை மணி நேரம் நோட்டில் எழுதட்டும். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் டேட்டா பாதிக்கும் கீழே குறையும். கணக்கைப் புரிந்துகொள்ள அதற்குமேல் பளபளப்புத் தேவையில்லை. 2011 முதல் பல ஆண்டுகள் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தார்களே, அது மூத்த பிள்ளையின் பெட்டிக்கு அடியில் கிடக்கலாம். தூசி தட்டிப் பாருங்கள். பேட்டரி போயிருக்கும், கம்பியோடு ஓடும்.

இப்போது அந்தத் தவணை வியாபாரத்துக்கு வருவோம். 2021 டிசம்பர் 23ஆம் தேதி மத்தியக் கல்வி அமைச்சகமே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கடனில் மாட்டாதீர்கள், விளம்பரத்தில் காட்டும் வெற்றிக் கதைகளை அப்படியே நம்பாதீர்கள் என்றது. வியாபாரத்துக்குக் குறுக்கே நிற்காத அரசே இப்படிச் சொல்லவேண்டி வந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையின் முடிசூடா மன்னனாக விளங்கிய பைஜூஸ் கம்பெனியை 2022ல் 2,200 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். 2024 ஜூலையில் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அதன்மீது திவால் நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. இரண்டே வருடம்! கம்பெனி போகலாம்; ஆனால் தொழிலாளியின் பெயரில் எழுதப்பட்ட கடன் சீட்டு அதோடு போய்விடுவதில்லை.

இலவசம் என்றால் எல்லாமே நல்லது என்றும் நாம் சொல்ல மாட்டோம். மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் அமைப்பு 2022 மே மாதம் ஓர் ஆய்வு வெளியிட்டது. 49 நாடுகளில் கல்விக்காகப் பரிந்துரைக்கப்பட்ட 164 செயலிகளையும் தளங்களையும் பார்த்ததில் 146 பிள்ளைகளின் விவரங்களைச் சரியில்லாத முறையில் கையாண்டன என்று கண்டது. நாம் மேலே சொன்ன திக்ஷாவும் அதில் குறை சொல்லப்பட்டது. மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் விவரத்தைப் பெற்றோர் சம்மதமின்றி எடுக்கக்கூடாது, பிள்ளையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக்கூடாது என்கிறது. சட்டம் காகிதத்தில் இருக்கும்; சம்மதப் பொத்தான் உங்கள் விரலில் இருக்கிறது. இருப்பிடம் காட்டு, தொடர்பு எண்களைக் காட்டு என்று ஒரு பாடச் செயலி கேட்டால் மறுத்துவிடுங்கள். முக்கோணம் படிக்க உங்கள் மைத்துனர் போன் நம்பர் எதற்கு?

கடைசியாக, நம் கிளைகளுக்கும் சங்கங்களுக்கும் சொல்ல வேண்டியது.

ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்தோம். கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு, இரண்டு பத்திரிகை, ஓர் அரிக்கேன் விளக்கு. எழுத்தறியாத தோழர்கள் சுற்றி உட்கார, ஒருவர் உரக்கப் படிப்பார். அப்படிக் கேட்டுக் கேட்டே எழுத்துக் கற்றுக்கொண்டு, பிறகு நிர்வாகத்தோடு ஒப்பந்தம் பேசுமளவுக்கு வளர்ந்தவர்கள் நம் மூத்த தோழர்கள். ஒருவரிடம் இருந்த பத்திரிகையை நாற்பது பேர் படித்தோம். இன்று ஒருவரிடம் இருக்கும் கணினியில் பத்துப் பிள்ளைகள் படிக்க முடியாதா?

அண்டை மாநிலத்தில் செய்து காட்டினார்கள். 2020 ஜூன் 1ஆம் தேதி கேரளத்தில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாகப் பாடம் தொடங்கியபோது டி.வி.யும் போனும் இல்லாத வீடுகள் இலட்சக்கணக்கில் இருப்பது தெரிந்தது. வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் டி.வி. வைத்துப் பொதுக் கல்வி மையங்கள் அமைத்தார்கள். ஆசிரியர் சங்கங்களும் வாலிபர் அமைப்புகளும் டி.வி. பெட்டி திரட்டிக் கொடுத்தன. அந்த ஊர் வாசகசாலைகளின் கதவு அந்த நேரத்தில் திறந்திருந்தது. நம் படிப்பகங்களில் எத்தனை இன்று பூட்டிக் கிடக்கின்றன, எத்தனை தேர்தலுக்குத் தேர்தல் கொடி வைக்கும் அறையாகிவிட்டன என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சங்க அலுவலகத்தில் மாலை 6 மணி முதல் 8 மணி வரை ஒரு மேசை, ஒரு கணினி, ஓர் இணைய இணைப்பு. கல்லூரியில் படிக்கும் தோழர் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு வரட்டும். வாரம் ஒரு நாள் ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ தையல் வேலை பார்க்கும் தோழியரோ தம் கருவியோடு வந்து உட்காரட்டும். பெண் பிள்ளைகள் வந்துபோக வெளிச்சமும் துணையும் இருக்கட்டும். பாடங்களை அங்கே இறக்கிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப் போனால், வீட்டில் டேட்டாச் செலவும் இல்லை.

எந்தக் கிளை எந்தக் கிழமையில் தொடங்குகிறது, மாலை 6 மணிக்குப் படிப்பகச் சாவி யாரிடம் இருக்கும் என்று கிளைச் செயலாளர்கள் இந்த மாத இறுதிக்குள் நமக்கு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம். வந்த ஊர்களின் பட்டியலை இந்தப் பத்தியிலேயே வெளியிடுவோம். வராத ஊர்களின் பட்டியலையும் வெளியிடுவோம்.